ட்ரேக்கு அடியில் இருந்த பெயர்

லிபா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வியாழக்கிழமை என்றால் சில்லிக் குழம்பும் பட்டை ரோலும்தான். மாட்டிறைச்சியும் சிவப்பு பீன்ஸும் போட்டுக் கொதித்த அந்தக் காரக் குழம்பில், சர்க்கரைப் பாகு வழியும் இலவங்கப்பட்டை ரோலைப் பிய்த்து முக்கித் தின்ன வேண்டும். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், நமக்கென்ன. அமெரிக்காவில் இந்த அயோவா மாநிலத்தில் பிறந்த பிள்ளைக்கு அது தாய்ப்பாலுக்கு அடுத்த சங்கதி.

இருபத்தாறு வருடமாக அந்த ரோலைச் சுடுகிறவள் ஆர்லிஸ் குபிசெக், பள்ளிச் சமையலறையின் தலைமைச் சமையல்காரி. ஐம்பத்தெட்டு வயது, முழங்கை வரை மாவு, நாக்கு நிறையக் காரம். ஊரில் பாதிப் பேர் அவள் கையால் தின்று வளர்ந்தவர்கள், மீதிப் பேர் அவர்களைப் பெற்றவர்கள். இப்போது அவளுடைய அடுப்புக்கே உலை வைக்கப் பார்த்தார்கள்.

நடந்தது இதுதான். பள்ளி வாரியத்தில் மொத்தம் ஐந்து நாற்காலி. அதில் ஒருவர் தம் மூட்டுவலிக்கு அரிசோனா வெயில்தான் மருந்து என்று சொல்லி, பாதியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மிச்சமிருந்த நான்கு பேரில் இரண்டு பேர், சமையலறையை மூடிவிட்டு முப்பது மைல் தள்ளியிருக்கும் ஒரு கம்பெனியிலிருந்து லாரியில் சாப்பாடு வரவழைக்கலாம் என்றார்கள். மற்ற இரண்டு பேர் கூடவே கூடாது என்றார்கள். ஆக, காலியான அந்த ஐந்தாவது நாற்காலியில் யார் உட்காருகிறார்களோ அவர் கையில்தான் ஆர்லிஸின் கரண்டி. மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இடைத்தேர்தல் என்று அறிவித்தார்கள். மனுப் போட்டவன் ஒரே ஒருவன், வெண்டல் டெஸ்கே.

வெண்டல் பயிர்க் காப்பீட்டு முகவர். எந்தப் பேச்சையும் 'யோசிச்சுப் பார்த்தா' என்று ஆரம்பித்து, கேட்கிறவன் யோசிக்கும் சக்தியை இழக்கும்வரை பேசுவான். ஊர் முழுக்க முற்றங்களில் அவனுடைய தேர்தல் அட்டை நட்டிருந்தது. 'பொறுப்பு. சிக்கனம். வெண்டல்.' லாரிச் சாப்பாட்டுக்கு அவன்தான் முதல் வக்கீல்.

"பிளாஸ்டிக் டப்பாவுல அடைச்சு, மேல தாள் ஒட்டி வருமாம்" என்றாள் ட்ரூடி. அவள் ஆர்லிஸின் உதவியாள், வெங்காயம் நறுக்குவதைவிட வேகமாக வாய் ஓடும். "பிரிச்சுத் தின்னா போதுமாம். நீங்களே தேர்தல்ல நில்லுங்களேன் ஆர்லிஸ்!"

"நான் எப்படிடி நிக்கறது? ஸ்கூல்ல சம்பளம் வாங்கறவங்க ஸ்கூல் போர்டுல உட்காரக் கூடாது. நாற்காலி வேணும்னா கரண்டியை வெச்சுட்டுப் போகணும். அடுப்பைக் காப்பாத்த அடுப்பை விடறதா?"

"அப்ப வேற யாரையாவது நிறுத்துங்க. மனு போடற தேதி முடிஞ்சாலும் சீட்டுல வெறும் கோடு ஒண்ணு இருக்குமே. அதுல யார் பேரை வேணா எழுதலாமே!"

அந்தக் கோடு ஆர்லிஸின் மனதில் போய் ஒட்டிக்கொண்டது. வாக்குச்சீட்டில் வெண்டல் பெயருக்குக் கீழே ஒரு காலிக் கோடு இருக்கும். பிடித்த பெயரை வாக்காளர் தாமே எழுதலாம், அதுவும் செல்லும். எழுத ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

யாருடைய பெயர்? ஆர்லிஸ் ஊரைச் சல்லடை போட்டுப் பார்த்தாள். ஒருத்திக்குக் கைக்குழந்தை. ஒருவன் வெண்டலிடமே காப்பீடு எடுத்தவன். இன்னொருவன் கூட்டத்தில் தூங்கிவிடுவான். கடைசியில் கண் போய் நின்ற இடம் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. அங்கே அவள் புருஷன் டெல்மர் உட்கார்ந்து வானொலியில் மக்காச்சோள விலை கேட்டுக்கொண்டிருந்தான்.

டெல்மர் குபிசெக் நல்ல மனிதன். வாழ்நாளில் பொது இடத்தில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்திருக்கிறான். அது ஓர் ஏலத்தில். தும்மியதை ஏலம் கேட்டதாக எடுத்துக்கொண்டு, மாடு ஏற்றும் ஓட்டை வண்டி ஒன்றை அவன் தலையில் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து தும்மலையும் அடக்கப் பழகிவிட்டான்.

"டெல்மர், ஸ்கூல் போர்டுக்கு உன் பேரை எழுதச் சொல்லலாம்னு இருக்கேன். சரியா?"

"ம்" என்றான் டெல்மர். அந்த 'ம்' மனைவிக்கா, மக்காச்சோள விலைக்கா என்பதை ஆர்லிஸ் விசாரிக்கவில்லை. விசாரித்தால் வேறு பதில் வந்து தொலைக்குமே.

ஆள் கிடைத்தான். அடுத்த கேள்வி, ஊருக்கு எப்படிச் சொல்வது? அட்டை நட்டால் வெண்டல் விழித்துக்கொள்வான். எதிரி தூங்கும்போதே காரியம் முடிய வேண்டும். அதோடு, சம்பளக்காரி ஒருத்தி வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டாள் என்று நாளைக்கு யாரும் விரல் நீட்டவும் கூடாது.

வழி அவள் கண்முன்னே கவிழ்ந்து கிடந்தது. லிபாவில் யார் வீட்டுச் சமையல் ட்ரேயும் அவரவர் வீட்டில் இருக்காது. சாவு வீட்டுக்குப் போகும், பேறுகால வீட்டுக்குப் போகும், சர்ச்சுக்குப் போகும். அதனால் ஒவ்வொரு ட்ரேயின் அடியிலும் ஒரு டேப் துண்டை ஒட்டிச் சொந்தக்காரர் பெயரை எழுதியிருப்பார்கள். தின்று முடித்ததும் கவிழ்த்துப் பார்ப்பது இங்கே கைப்பழக்கம். பார்த்து, கழுவி, தாங்கள் செய்த எதையாவது வைத்து அந்தப் பெயருக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். வெறும் ட்ரேயைத் திருப்பிக் கொடுத்தவள் என்று ஒருத்திக்குப் பெயர் வந்துவிட்டால் அவள் வேறு ஊர் பார்த்துப் போய்விடலாம்.

"ஓட்டுப் போடுங்கன்னு நாம சொல்லப் போறதில்ல" என்றாள் ஆர்லிஸ். "ரோல் தின்னுங்க, ட்ரேக்கு அடியில இருக்கற பேரைப் பாருங்க, செவ்வாய்க்கிழமை அந்தப் பேரை மறந்துடாதீங்க. இவ்வளவுதான் சொல்லணும். இதுல என்ன குத்தம்?"

"ஒரு குத்தமும் இல்ல" என்றாள் ட்ரூடி. "ஆனா வெளியில சொல்லிக்காதீங்க."

ஆர்லிஸிடம் சின்ன ட்ரே பதினாறு இருந்தன. அவை வீடுகளுக்குச் சரி. காப்பிக் கடை, தானியக் கிடங்கு, தீயணைப்பு நிலையம், முதியோர் இல்லம் மாதிரி நாலு பேர் கூடும் இடங்களுக்குப் பெரிய ட்ரே வேண்டும். ஊரில் அத்தனை பெரிய ட்ரே ஓர் இடத்தில்தான் உண்டு. சர்ச்சின் நிலவறைச் சமையலறை அலமாரியில் பன்னிரண்டு அலுமினிய ட்ரே. அவற்றின் சொந்தக்காரி நெல்டா. முழுப்பெயர் நெல்டா டெஸ்கே. ஆமாம், வெண்டலின் பெண்டாட்டியேதான்.

நெல்டா எட்டு வருடமாகச் சர்ச் சமையலறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருப்பவள். சர்ச் பிங்கோ விளையாட்டில் எண்களைக் கூவுகிறவளும் அவளே. மைக் தேவையில்லை, நெடுஞ்சாலை வரைக்கும் கேட்கும். ஒரு தடவை அவள் ட்ரே ஒன்று களவு போனதிலிருந்து டேப்பை நம்புவதை விட்டுவிட்டு, பன்னிரண்டிலும் தன் பெயரை இயந்திரத்தால் ஆழமாகச் செதுக்கி வைத்துவிட்டாள். அவள் கல்லறையில் பெயர் அழிந்தாலும் ட்ரேயில் அழியாது என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள், அவள் இல்லாதபோது.

சனிக்கிழமை மத்தியானம் நெல்டா தங்கை வீட்டுக்குப் போகிற நாள். ஆர்லிஸ் பாதிரியாரிடம் மாற்றுச்சாவி கேட்டாள்.

"ரோல் சுடப்போறேன் ஃபாதர்."

"தவக்காலத்துலயா?"

"ஞாயித்துக்கிழமைக்கு, ஃபாதர். ஞாயிறு கணக்குல வராதில்ல?"

அவர் மேலே கேட்கவில்லை. நாற்பது நாள் இனிப்பைத் துறந்திருந்த மனிதர் அவர், ஞாயிற்றுக்கிழமைக்காகவே உயிர் வைத்திருந்தார்.

நாலு மணிக்குள் இருபத்தெட்டு ட்ரேயும் அடுப்பை விட்டு இறங்கிவிட்டன. கொஞ்சம் ஆறியதும் ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்து, அடியில் 'டெல்மர் குபிசெக்' என்று எழுதிய டேப்பை ஒட்டினாள் ஆர்லிஸ். நெல்டாவின் ட்ரேக்களில் செதுக்கிய பெயர் தெரியாதபடி அதன் மேலேயே அகலமான டேப்பை அழுத்தி ஒட்டினாள். எதிரியின் ட்ரேயில் வைத்தே எதிரியைக் கவிழ்ப்பதில் ஒரு குஷி இருக்கத்தான் செய்தது, மறைப்பானேன். பிறகு துணி போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிறு காலை பாகு ஊற்ற வந்தபோது ஒரு பெரிய ட்ரேயின் மூலையில் ஒரு ரோலைக் காணோம்.

"ஃபாதர்தான்" என்றாள் ட்ரூடி.

"பாவம், போகட்டும்" என்றாள் ஆர்லிஸ்.

பூசை முடிந்து பன்னிரண்டு மணிக்குள் ரோல்கள் ஊரெங்கும் போய்ச் சேர்ந்தன. தானியக் கிடங்கில் வெண்டலே நின்றுகொண்டிருந்தான். ஆர்லிஸ் ட்ரேயை இறக்கி வைத்துவிட்டு நகரப் பார்த்தாள். அவனோ இரண்டு ரோலை எடுத்துக் கடித்தபடி, "யோசிச்சுப் பார்த்தா, ஆர்லிஸ், இதையே கம்பெனிக்காரங்களும் செய்ய முடியும்" என்றான். தின்று முடித்து விரலைச் சப்பிக்கொண்டு போனானே தவிர, ட்ரேயைக் கவிழ்க்கவில்லை. கவிழ்ப்பது அவன் வீட்டில் நெல்டாவின் வேலை.

திங்கட்கிழமை ஊரே ஒரு தினுசாக இருந்தது. காப்பிக் கடையில் ஆர்லிஸைப் பார்த்து நாலு பேர் கண்ணடித்தார்கள். தீயணைப்பு நிலையத்து ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"பலே ஆளைத்தான் பிடிச்சிருக்க ஆர்லிஸ்!" என்றான் ஒரு கிழவன். "கூட்டத்துல வாயைத் திறந்தா கூரை பேந்துடும்!"

டெல்மரைக் கிண்டல் செய்கிறான் என்று ஆர்லிஸ் நினைத்தாள். "நேரம் வந்தா பேச்சு வரும்" என்று மழுப்பிவிட்டு நகர்ந்தாள். "வெண்டல் மூஞ்சியைப் பார்க்க ஒரு கோடி கண் வேணும்" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. அது மட்டும் அவளுக்கு முழுதாகப் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை வாக்குப்பதிவு. தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, அது நின்ற இடத்தில் மேஜை போட்டிருந்தார்கள். எதிர்ப் பக்க நடைபாதையில் வெண்டல் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தொப்பியைத் தூக்கினான். பக்கத்தில் நெல்டா, கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி. அவள் அத்தனை அமைதியாக நின்று ஊர் பார்த்ததில்லை. உள்ளே போகிறவர்கள் வெண்டலுக்குத் தலையசைத்தார்கள், நெல்டாவைப் பார்த்ததும் இருமினார்கள். ஆர்லிஸ் தன் சீட்டில் கோட்டின் மேல் டெல்மரின் பெயரை அழுத்தி எழுதிவிட்டு வந்தாள்.

எழுதிய பெயர்களை ஒவ்வொன்றாகக் கையால் எண்ண வேண்டியிருந்ததால் முடிவு புதன்கிழமை காலையில்தான் வந்தது. ஆர்லிஸ் காரட் சீவிக்கொண்டிருந்தாள். ட்ரூடி தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து, திறந்த வாயோடு நின்றாள். 

"என்னடி? தோத்துட்டோமா?"

"வெண்டல் எண்பத்தேழு."

"சரி. டெல்மர்?"

"அறுபத்தொண்ணு."

ஆர்லிஸ் சீவியை வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். இருபத்தாறு வருடம் காலுக்கடியில் உறுதியாக இருந்த தரை அது. இப்போது அது நழுவிக்கொண்டிருந்தது.

"இருங்க, முடியல" என்றாள் ட்ரூடி. "ஒருத்தர் தன் நாயோட பேரை எழுதியிருக்கார். ரெண்டு பேர் 'ரோல் சுடற அம்மா'ன்னு எழுதியிருக்காங்க. அப்புறம்... நெல்டா டெஸ்கே, எண்பத்தெட்டு."

"எந்த நெல்டா டெஸ்கே?"

"ஊருல எத்தனை நெல்டா இருக்காங்க!"

கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பிய கதை என்பது இதுதான். ஆர்லிஸ் எழுந்து ஓடி, காப்பிக் கடையிலிருந்து திரும்பி வந்திருந்த பெரிய ட்ரேயைக் கவிழ்த்தாள். டேப் இல்லை. 'நெல்டா டெஸ்கே' என்று செதுக்கிய எழுத்து பளபளவென்று அவளைப் பார்த்துச் சிரித்தது. அடுத்ததிலும் டேப் இல்லை. வந்திருந்த ஏழு பெரிய ட்ரேயிலும் இல்லை. ஆவியில் ஊறி டேப் உரிந்து போயிருக்க வேண்டும். இருபத்தாறு வருடச் சமையல்காரிக்கு, சூடான ரோலுக்கு அடியில் ஈரம் கோக்கும் என்பது தெரியாமல் போனதே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஊர்க்காரர்களுக்கென்ன, கும்மாளம்தான். ட்ரேயைக் கவிழ்த்தார்கள், பெயரைப் பார்த்தார்கள், புருஷனை எதிர்த்துப் பெண்டாட்டியை நிறுத்தியிருக்கிறாள் ஆர்லிஸ் என்று குதூகலமாக எழுதிப் போட்டுவிட்டார்கள். வெண்டலுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று ட்ரேக்களைக்கூட அவன் வீட்டுக்கு அனுப்பாமல் ஆர்லிஸிடமே திருப்பினார்கள், ஒருவரும் மூச்சுக்கூட விடவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றுவதில் லிபாக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது, அந்த ரகசியம் தப்பானதாக இருந்தாலும்.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் ஆர்லிஸ் உருளைக்கிழங்கைக் குத்திக்கொண்டே புலம்பினாள். "நெல்டா வந்தா என்ன, வெண்டல் வந்தா என்ன? அவன் சொல்றதைத்தானே அவ செய்வா. ஒரே ஒரு ஓட்டு, டெல்மர்! எவனோ ஒருத்தன் அவ பேருக்கு ஒரு ஓட்டைக் கூடுதலா எழுதித் தொலைச்சிருக்கான்."

டெல்மர் வானொலியை அணைத்தான். முப்பத்து மூன்று வருடத் தாம்பத்தியத்தில் அவன் அதைத் தானாக அணைத்தது அதுதான் முதல் முறை.

"நான்தான்" என்றான்.

"என்னது?"

"கிடங்குல ட்ரேயைக் கவுத்துப் பார்த்தேன். நெல்டா பேர் இருந்துச்சு. நீதானே அடியில இருக்கற பேரை எழுதணும்னு எல்லார்கிட்டயும் சொன்னே."

"உன் பேரைத்தானே நான்... உன்கிட்ட கேட்டேனே! நீ 'ம்'னியே!"

"எப்ப?" என்றான் டெல்மர் நிஜமாகவே. பிறகு கொஞ்சம் யோசித்து, "தெரிஞ்சிருந்தாலும் என் பேரை நானே எழுதியிருக்க மாட்டேன், ஆர்லிஸ். அது நல்லாவா இருக்கும்?" என்றான்.

அதுவும் சரிதான். தன் பெயருக்குத் தானே ஓட்டுப் போடுகிறவனை இந்த ஊரில் தற்பெருமைக்காரன் என்றுதான் சொல்வார்கள். வெண்டல் மாதிரி ஒன்றிரண்டு பேர்தான் அதற்கு விலக்கு.

வியாழக்கிழமை. ஒருவேளை கடைசி சில்லி நாளாக இருக்கலாம் என்று ஆர்லிஸ் குழம்பில் ஒரு பிடி சேர்த்தே மிளகாய்ப்பொடி போட்டாள். சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்த நேரத்தில் சமையலறைப் பின்கதவு திறந்தது. நெல்டா டெஸ்கே உள்ளே வந்தாள். ட்ரூடிக்குத் திடீரென்று கிடங்கறையில் வேலை நினைவுக்கு வந்துவிட்டது.

"என்னோட பன்னெண்டு ட்ரே" என்றாள் நெல்டா. பாத்திரங்கள் அதிர்ந்தன.

"கழுவி வெச்சிருக்கேன், நெல்டா. கேக்காம எடுத்தது தப்புதான். உன் பேரை வம்புல இழுத்துவிட்டது அதைவிடத் தப்பு. நான் நல்லா அழுத்தித்தான் ஒட்டினேன். டேப்பு எப்படி உரிஞ்சுதுன்னே..."

நெல்டா கைப்பையைத் திறந்து, எலுமிச்சம்பழ அளவில் ஓர் உருண்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கசங்கிய டேப் துண்டுகளின் உருண்டை அது. ஆர்லிஸ் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். 'டெல்மர் கு' என்று தன் கையெழுத்து வெளியே வந்தது. அடுத்த துண்டிலும் டெல்மர். அதற்கடுத்ததிலும்.

"சனிக்கிழமை சாயங்காலம், முந்தின நாள் சர்ச்சுல மீன் வறுத்த எண்ணெய்ச் சட்டியைக் கழுவ வந்தேன்" என்றாள் நெல்டா. "துணியைத் தூக்கினா என் ட்ரே. கவுத்தா எவன் பேரோ. என் ட்ரேயில எவன் பேரையாவது ஒட்டினா நான் விட்டுடுவேனா? பன்னெண்டையும் உரிச்சேன். ஒரு ரோலும் தின்னேன். பட்டை கொஞ்சம் கம்மி."

"ஃபாதர்னு நினைச்சோம்" என்றாள் ஆர்லிஸ் மெல்ல. 

"உரிக்கும்போது வெறும் கோவம்தான். அப்புறம் ஞாயித்துக்கிழமை ட்ரூடி சர்ச் வாசல்ல எல்லார்கிட்டயும் அடியில பாருங்க, அடியில பாருங்கன்னு சொன்னதைக் கேட்டப்பதான் விளங்குச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல." நெல்டா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவள் குரல் முதன்முதலாகத் தணிந்தது. "டெல்மரைக் கேட்டிருக்க, ஆர்லிஸ். வாயே திறக்காத டெல்மரை! எட்டு வருஷமா எத்தனை சாவு, எத்தனை கல்யாணம், அந்த நிலவறையில நான் ஆக்கிப் போட்டிருக்கேன். ஊரு முழுக்க ஆள் தேடினியே, என்னைக் கேக்கணும்னு உனக்குத் தோணவேயில்லையா?"

தோணவில்லைதான். நெல்டா என்றால் வெண்டலின் பெண்டாட்டி, அதோடு கணக்கு முடிந்தது என்று ஆர்லிஸ் தீர்த்துவிட்டிருந்தாள். ஓட்டை விழுந்த வண்டியை வாங்கிய டெல்மர் வரைக்கும் யோசித்தவள், ஊருக்கே சோறு ஆக்கத் தெரிந்தவளைத் தாண்டிப் போயிருக்கிறாள். கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. முகம் காந்தியது அடுப்பு அனலால் அல்ல.

"மன்னிச்சுக்கோ, நெல்டா. எனக்குப் புத்தியில்லாமப் போச்சு."

"போச்சுதான்" என்று நெல்டா ஒத்துக்கொண்டாள்.

"நீ யாருக்கு ஓட்டுப் போட்டே?"

"வெண்டலுக்குத்தான். வேற யாருக்குப் போடுவேன்? புருஷனில்லையா? என் பேரை நானே எழுதினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றாள் நெல்டா. "இப்ப ஒரு கிண்ணம் சில்லி ஊத்து. போர்டுல உட்காரப் போறவ, எதை மூடறது எதைத் திறக்கறதுன்னு தின்னு பார்த்துத்தான் முடிவு பண்ணணும்."

ஆர்லிஸ் ஊற்றினாள். நெல்டா ரோலைப் பிய்த்து முக்கித் தின்றாள், கிண்ணத்தை வழித்தாள், நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. போகும்போது சுவரிலிருந்த, முட்டை வேகும் நேரம் முடிந்ததும் அடிக்கும் மணிக்கருவியைக் கழற்றி, "இது திங்கக்கிழமை வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்" என்று பைக்குள் போட்டுக்கொண்டாள். அந்த நாலு நாளும் ஆர்லிஸுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை வாரியக் கூட்டம் பள்ளி நூலகத்தில் நடந்தது. எப்போதும் ஏழு பேர் வருகிற கூட்டம், அன்று ஜன்னல் விளிம்பு வரைக்கும் ஆட்கள். டெல்மர்கூட வந்திருந்தான், வாயை இறுக மூடிக்கொண்டு. நெல்டா உறுதிமொழி எடுத்தாள், அது நெடுஞ்சாலைக்குக் கேட்டிருக்கும். பிறகு பொதுமக்கள் பேசலாம் என்றார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம்.

முதலில் எழுந்தவன் வெண்டல். மைக்கைச் சரிசெய்து, பெண்டாட்டி இருக்கும் மேஜையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தான். "யோசிச்சுப் பார்த்தா, இந்தச் சமையலறைங்கறது..."

நெல்டா பையிலிருந்து மணிக்கருவியை எடுத்து மூன்று நிமிடத்துக்குத் திருகி மேஜைமேல் வைத்தாள். டிக் டிக் என்றது. நூலகமே வெண்டலை விட்டுவிட்டு அதையே பார்த்தது. லாரியில் சாப்பாடு எத்தனை மணிக்குப் புறப்பட்டு எத்தனை மணிக்கு வரும் என்று அவன் விளக்கத் தொடங்கியபோது மணி கணகணவென்று அடித்தது.

"நேரமாச்சு" என்றாள் நெல்டா.

"நெல்டா, நான் இன்னும் விஷயத்துக்கே..."

"வாரிய உறுப்பினர் டெஸ்கேன்னு சொல்லணும், வெண்டல். நேரமாச்சு. உட்காரு."

வெண்டல் உட்கார்ந்தான். முப்பது வருடமாக அவன் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைக்க ஆளில்லாமல் தவித்த ஊர், கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் நெளிந்தது. பிறகு வாக்கெடுப்பு. சமையலறையை மூட இரண்டு பேர். மூடக்கூடாது என்று இரண்டு பேர். தலைவர் நெல்டா பக்கம் திரும்பினார். ஆர்லிஸ் டெல்மரின் கையைப் பிடித்து நெரித்தாள்.

"மூடக் கூடாது" என்றாள் நெல்டா. "ஆனா ரோல்ல பட்டை இன்னும் கொஞ்சம் கூட்டணும். அதையும் குறிப்புல எழுதிக்கோங்க."

ஆர்லிஸ் அழுதாள். கூச்சமில்லாமல், மூக்கைச் சிந்தி, நூலகம் பார்க்க அழுதாள். டெல்மர் தன் கைக்குட்டையைக் கொடுத்தான். பிறகு எல்லார் முன்னாலும் ஒரு பெரிய தும்மல் போட்டான், யாரும் அதை ஏலமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் சாயங்காலம் பள்ளி விட்டதும் ஆர்லிஸ் பன்னிரண்டு ட்ரேக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு டெஸ்கே வீட்டுக்குப் போனாள். வெறும் ட்ரேயைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? மேல் ட்ரே நிறையப் புது ரோல், பட்டை தாராளமாக. முற்றத்தில் 'பொறுப்பு. சிக்கனம். வெண்டல்.' அட்டை இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

கதவைத் திறந்தவன் வெண்டல். உள்ளேயிருந்து நெல்டா யாரிடமோ தொலைபேசியில் பள்ளிப் பேருந்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தாள்.

"பட்டை கம்மியா இல்லையான்னு நீயே பார்த்துச் சொல்லு, வெண்டல்" என்று ஆர்லிஸ் மேல் ட்ரேயை அவன் கையில் கொடுத்தாள்.

ரோலின் மணம் அவன் மூக்கில் ஏறியது. கை தானாக ஒன்றை எடுக்கப் போனது. பாதியில் நின்றது. அவன் ஆர்லிஸைப் பார்த்தான், உள்ளே குரல் கேட்கும் பக்கம் பார்த்தான். பிறகு பாகு வழியாமல் ட்ரேயைத் தலைக்கு மேலே உயரத் தூக்கி, கழுத்தை வளைத்து, முதலில் அதன் அடியைப் படித்துப் பார்த்தான்.